பதினேழு படிகள்

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை ஒன்பது மணிக்குப் பெரியக்கா முன்னறை மேஜைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். மேஜைமேல் ரசீதுப் புத்தகம், மைப் பேனா, ஒற்றுத்தாள். வேறு ஒரு துரும்பு இருக்காது. குடியிருப்பவர்கள் பத்து மணிக்குள் வந்து வாடகையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு போக வேண்டும். பத்தடித்தால் எழுந்துவிடுவார். அப்பா ஏற்படுத்திய வழக்கம். அப்பா போய்ப் பதினோரு வருடமாகியும் ஒரு நிமிடம் பிசகியதில்லை.

அப்பா வைத்த சட்டங்கள் இன்னும் இரண்டு உண்டு. மாடிக்கு வெளிப்பக்கமாகத் தனிப் படிக்கட்டு, பதினேழு படிகள். மாடியில் ஒருவர் குடியிருக்கும்வரை அந்தப் படிகள் அவருடையவை. வீட்டுக்காரர்கள் அதில் கால் வைக்கக்கூடாது. இரண்டாவது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரைத் தவிர வேறு யாரிடமும் வாடகைப் பேச்சை எடுக்கக்கூடாது. அந்தத் தெருவில் மற்ற வீட்டுக்காரர்களின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலுக்குக் கீழே நின்று ஊரைக் கூட்டுவார். மூலைவீட்டு அம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை நிறுத்தி, "உங்கப்பா எப்போ தர்றதா சொன்னார்?" என்று கேட்பாள். அந்தப் பிழைப்பு நமக்கு வேண்டாம் என்பது அப்பாவின் தீர்மானம். பெரியக்கா அதை அப்படியே சுமந்துகொண்டிருந்தார்.

பெரியக்கா பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ பேர் முன் தேதியிட்ட பத்திரங்களோடும் இளித்த வாயோடும் அவர் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். காகிதத்தைத் தொடுவதற்கு முன்பே, கொண்டுவந்தவன் முகத்தைப் பார்த்து, "இதை எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவார் என்று அலுவலகத்தில் பெயர்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மாடிக் குடித்தனக்காரன்தான் நாளைக்காரன்.

மெத்தைக் கடையில் விற்பனையாளன் அவன். மடிப்புக் கலையாத சட்டை, வாசனைத் தைலம், எப்போது பார்த்தாலும் இப்போதுதான் நல்ல சேதி கேட்டவனைப் போன்ற முகம். முதல் இரண்டரை வருடம் வாடகை ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு முதல் தேதி, பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது முன்னறை வாசலில் வந்து நின்றான்.

"மேடம், மாமா ஒருத்தர் தவறிட்டார். செலவெல்லாம் என் தலையில. நாளைக்குக் கண்டிப்பா."

நாளை வந்தது. வாடகை வரவில்லை. அடுத்த மாதம் இன்னொரு மாமா தவறினார். அதற்கடுத்த மாதம் கடை முதலாளிக்கு மாரடைப்பு. அவர் பிழைத்துக்கொண்டார், சம்பளம் பிழைக்கவில்லையாம். நான்காம் மாதம் மூன்றாவது மாமா போனார். ஐந்தாம் மாதம் மறுபடி ஒரு மாமாவைத் தொடங்கியபோது பெரியக்கா பேனாவின் மூடியைத் திருகியபடியே கேட்டார்.

"உங்க அம்மாவோட கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?"

"ஏன் மேடம்?"

"இன்னும் எத்தனை மாசம் ஓடும்னு கணக்குப் போடத்தான்."

அவன் சிரித்தான். வெட்கப்பட வேண்டிய இடத்தில் சிரிக்கிறவனைப் பெரியக்கா மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. இல்லாதவன்மேல் அவருக்குக் கோபம் கிடையாது. வேலை போய்விட்டது, மூன்று மாதம் பொறுங்கள் என்று நேராகச் சொன்ன ஒருவருக்கு அப்பா ஒன்பது மாதம் பொறுத்திருக்கிறார். ஆனால் இவன் ஊரிலுள்ள மாமாக்களையெல்லாம் கொன்று வாடகைக்குப் பதிலாகப் பிணங்களை மேஜைமேல் வைக்கிறான். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

முறைப்படி எல்லாம் செய்தார். மூன்றாம் மாதத்திலிருந்து படியடியில் இருந்த தபால் பெட்டியில் தன் கைப்படக் கடிதம் எழுதிப் போட்டார். பிறகு வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் நோட்டீஸ். வரும் இருபதாம் தேதிக்குள் மாடியைக் காலி செய்ய வேண்டும். தவறினால் இருபத்தோராம் தேதி கோர்ட். தபால்காரர் கொண்டுவந்த அட்டையில் நாளைக்காரன் வளைத்து நெளித்துக் கையெழுத்தும் போட்டிருந்தான்.

இதற்கு நடுவில்தான் தம்பி வீட்டு மானத்தை விலைக்கு விற்கப் புறப்பட்டான்.

தம்பி என்றால் ஐம்பத்து மூன்று வயது. பின்கட்டில் குடியிருந்தான். எதை எடுத்தாலும் சீக்கிரம் முடியும் வழி ஒன்றிருப்பதாக நம்புகிறவன். அதனாலேயே அவன் எடுத்த எதுவும் முடிந்ததில்லை. ஒருநாள் ஓர் ஆளை அழைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தான். வந்தவன் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். 'ஒரே நாளில் காலி' என்று அச்சடித்த அட்டையை மேஜைமேல், ரசீதுப் புத்தகத்தின் மீதே வைத்தான். பெரியக்கா அதைப் பேனா முனையால் நகர்த்திவிட்டார்.

"சண்டை கிடையாது, சத்தம் கிடையாது மேடம்," என்றான் கண்ணாடிக்காரன். "முதல்ல தண்ணியை நிறுத்துவோம். குழாய்ல கோளாறுன்னு சொல்லிக்கலாம். அடுத்த நாள் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கதவு. சாமான்லாம் கீழே இறங்கிடும். புதுப் பூட்டு. வேலை முடிஞ்சதும் பணம் கொடுத்தா போதும்."

"நீங்க இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"ஏன் மேடம்?"

"ஆள் இல்லாத வீட்டுக் கதவை உடைக்கிறது பழக்கப்பட்ட கைன்னு தோணுது. அதான் கேட்டேன்."

கண்ணாடிக்காரன் தம்பியைப் பார்த்தான். தம்பி தரையைப் பார்த்தான்.

அவன் போனபிறகு தம்பி வெடித்தான். "கோர்ட்டுக்குப் போனா ரெண்டு வருஷம் இழுக்கும் அக்கா. அதுவரைக்கும் அவன் நம்ம தலைமேல உட்கார்ந்து மெத்தை விப்பான். நீ கீழே உட்கார்ந்து மாமா சாவு கேட்டுட்டு இரு."

"கேட்கிறேன்."

"ஊர்ல எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

"அதனாலதான் ஊர்ல எல்லாரும் அப்படி இருக்காங்க. நாம அவனை வாசல் வழியா உள்ளே விட்டோம். பட்டப்பகல்ல, கையெழுத்துப் போட்டு. வெளியே போறதும் அப்படித்தான் போகணும். அப்பா பேர் போட்ட கல் வாசல்ல இருக்கு. அதுக்குக் கீழே எவன் வீட்டுப் பானையும் தெருவுக்கு வராது. புரிஞ்சுதா?"

புரிந்ததுபோல் தலையாட்டினான் தம்பி. அவன் தலையாட்டினால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைப் பெரியக்கா அன்று மறந்துவிட்டார்.

பதினொன்றாம் தேதி அவருக்குக் கண்புரை அறுவை. காலையில் போனால் ஓர் இரவு தங்கி மறுநாள் மதியம் வீடு திரும்பலாம். போகும்போது தம்பி தானே ஆட்டோ பிடித்து வந்தான், பையைத் தூக்கிக் கொடுத்தான், பார்த்துப் போ அக்கா என்றான். ஆயுளில் காட்டாத பாசம். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, இடக்கண்ணில் கட்டோடு ஆட்டோவிலிருந்து இறங்கியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

படியடியில், அப்பா பெயர் பொறித்த கல்லுக்குச் சரியாக நான்கடி தள்ளி, ஒரு குடும்பத்தின் சாமான் முழுக்கக் குவிந்து கிடந்தது. அலமாரி ஒருக்களித்துச் சுவரில் சாய்ந்திருந்தது. பாத்திரங்கள் ஒரு போர்வைக்குள் மூட்டையாக. துவைத்துக் காயாத உள்ளாடைகள் ஒரு வாளியில், எல்லோரும் பார்க்க. எல்லாவற்றுக்கும் நடுவில் இரட்டை மெத்தை ஒன்று. அதன்மேல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாளைக்காரன் அமர்ந்திருந்தான். எதிர்வீட்டு ஜன்னலில் நான்கு தலைகள். மூலைவீட்டு அம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கனவே பெருக்கிய வாசல்.

கீழ்த்தளக் கடையில் வாடகைக்கு இருந்த கடிகாரக்காரர் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார். அறுபது வயது, குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

"நேத்து நீங்க போனதுமே தண்ணி வால்வை மூடிட்டாங்கம்மா. இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு நாலு பேர். மாடியில யாரும் இல்ல. நான் வேண்டாம்னு சொன்னேன். உங்க தம்பி, 'அக்கா சொல்லித்தான்'னு சொன்னார். எனக்கு நம்பிக்கை வரலை. ஆனா நான் யாரு?"

அக்கா சொல்லித்தான். பெரியக்கா அந்த இரண்டு சொற்களை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். கசந்தது.

தம்பி பின்கட்டிலிருந்து வந்தான். கையில் புதுப் பூட்டின் சாவி. பரிசு வாங்கிய பையனைப்போல் ஆட்டிக் காட்டினான்.

"முடிஞ்சுது அக்கா. ஒரு சின்னச் சத்தம் இல்ல. இவரும் நல்ல மனுஷன், புரிஞ்சுக்கிட்டார்."

நாளைக்காரன் மெத்தையிலிருந்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அருகே வந்தான். அவன் முகத்தில் அவமானம் தெரியும் என்று எதிர்பார்த்தார். வியாபாரம்தான் தெரிந்தது.

"நடந்தது நடந்துபோச்சு மேடம். எனக்கு உங்க மேல வருத்தம் இல்ல. ஆனா இது சட்டப்படி தப்பு, உங்களுக்கே தெரியும். நான் கேஸ் போட்டா உங்களுக்குத்தான் தலைவலி. அதனால ஒரு வழி சொல்றேன். பழைய பாக்கியை மறந்துடுங்க. வண்டிக்கூலியும் ஒரு மாச வாடகையும் கைல கொடுங்க. நானே இஷ்டப்பட்டுக் காலி பண்ணினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். முன் தேதி வேணும்னாலும் போட்டுக்கலாம்."

"பார்த்தியா!" என்றான் தம்பி. "கோர்ட்டும் இல்ல, கச்சேரியும் இல்ல. உள்ளே வாங்க, இப்பவே எழுதிடலாம். அக்கா கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

பெரியக்கா தன் ஒற்றைக் கண்ணால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவன் தன் வீட்டுக் கதவு உடைபட்டதை விற்கிறான். மற்றவன் தன் அப்பாவின் பெயரைக் கொடுத்து வாங்குகிறான். இருவருக்கும் நடுவில் ஒரு மெத்தைதான் வித்தியாசம். தன் ரத்தம் எது, அந்நியம் எது என்று ஒரு கணம் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சரி என்றால் போதும். மாலைக்குள் முற்றம் காலி, மாடியும் காலி. முப்பத்து நான்கு வருடம் எந்தக் காகிதத்தைப் பார்த்து முகம் சுளித்தாரோ அதே காகிதத்தைத் தன் மேஜையில், தன் பேனாவால் எழுதினால் போதும்.

பதில் சொல்ல வாயெடுக்கும்போது பள்ளி வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது.

வேனை ஓட்டிவந்தது நாளைக்காரனின் மனைவி. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை அவளுக்கு. காலை நடை முடித்து மதியம் சாப்பிட வருவாள். தினம் பெரியக்காவின் ஜன்னலைக் கடந்துதான் போவாள், வருவாள், தலையசைப்பாள். மூன்று வருடத்தில் அவ்வளவுதான் பழக்கம். இறங்கியவள் முதலில் அந்த வாளியைத்தான் பார்த்தாள். விறுவிறுவென்று வந்து, தோளில் கிடந்த துணியை எடுத்து வாளிமேல் போட்டு மூடினாள். பிறகுதான் பேசினாள்.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்ல, நீ உள்ளே... நீ வேன்ல போய் உட்காரு. நான் பேசிட்டு இருக்கேன்ல," என்றான் நாளைக்காரன். அவன் குரல் முதல் முறையாகப் பிசிறடித்தது.

தம்பி முந்திக்கொண்டான். "அஞ்சு மாசம் வாடகை வரலேன்னா வேற என்னம்மா பண்றது? நாங்க என்ன சத்திரமா நடத்துறோம்?"

"எந்த அஞ்சு மாசம்?"

மூலைவீட்டு அம்மாவின் துடைப்பம் நின்றது.

"எந்த அஞ்சு மாசம்னு கேட்டேன்." அவள் கணவனைப் பார்க்கவில்லை, பெரியக்காவைத்தான் பார்த்தாள். "மாசம் முப்பதாம் தேதி என் சம்பளத்துல பாதியை எண்ணி இவர் கையில கொடுக்கிறேன். வாடகைன்னு சொல்லித்தான் கொடுக்கிறேன். வாங்கினதும் முதல் தேதி காலையில தலை சீவிட்டுக் கீழே வருவார்."

"வருவார்," என்றார் பெரியக்கா. "மாமா யாராவது செத்துப்போனதைச் சொல்லத்தான் வருவார்."

"இவருக்கு மாமாவே கிடையாது. இவங்க அம்மா ஒரே பிள்ளை."

கடிகாரக்காரர் இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

"ஏம்மா," என்றாள் அவள், சத்தம் போடாமல். "அஞ்சு மாசம். தினம் நாலு தடவை உங்க ஜன்னலைத் தாண்டிப் போறேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"கடிதம் போட்டேன். மூணு."

"எதுல?"

"படியடிப் பெட்டியில."

"அந்தப் பெட்டிச் சாவி இவர் பாக்கெட்ல இருக்கு. நோட்டீஸ் கீட்டீஸ்?"

"அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். ஒப்பந்தம் அவர் பேர்ல. கையெழுத்துப் போட்டவர்கிட்டதான் பேசுறது எங்க வீட்டு வழக்கம்."

அப்பா சொல்லி நூறு முறை கேட்ட வாக்கியம். தானும் நூறு முறை சொன்ன வாக்கியம். அப்பா பெயர்க் கல்லின் அருகில், ஒரு பெண்ணின் ஈரத்துணி வாளிக்கு முன்னால் நின்று சொன்னபோதுதான் அது எவ்வளவு மட்டமாக ஒலிக்கிறது என்று பெரியக்காவுக்குக் கேட்டது. தெருவில் கத்துகிற எதிர்வீட்டுக்காரன்கூட முதல் மாதமே இவள் காதில் போட்டிருப்பான். பணமும் வந்திருக்கும். கத்தக்கூடாது என்கிற கௌரவத்தில், தினம் நான்கு முறை தலையசைத்துவிட்டுப் போனவளைத் தானே ஐந்து மாதம் ஏமாற்றியிருக்கிறார். நாளைக்காரனின் பொய்க்குக் கதவு மூடிக் காவல் இருந்தது இந்த வீட்டின் பெருமைதான்.

"தப்பு என்னுது," என்றார். மன்னிப்புக் கேட்கும் குரலில்லை. பத்திரத்தில் பிழை திருத்தி ஓரத்தில் கையெழுத்துப் போடுகிற குரல். "சொல்லியிருக்கணும்." பிறகு தம்பியிடம் திரும்பினார். "சாமானை மேல ஏத்து."

"என்னது?"

"காதுல விழலையா? இறக்கினது நீ. ஏத்துறதும் நீதான்."

"அக்கா, உனக்குக் கண்ணுல மட்டும்தான் ஆபரேஷன் பண்ணினாங்களா? கையெழுத்துப் போட்டுத் தர்றேன்கிறான், விஷயம் முடிஞ்சு போகுது. இதுல படியேறக் கூடாதுன்னு நீதானே சட்டம் பேசுவே?"

"காலையில ஏறும்போது அந்தச் சட்டம் எங்க போச்சு? திருடன் மாதிரி ஏறினே. இப்போ கூலிக்காரன் மாதிரி ஏறு. அது கௌரவமான வேலை."

"ஆளைக் கூப்பிடுறேன்."

"ஆள் வேண்டாம். உன் கை."

"முடியாது."

குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் காலையில்தான் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். பெரியக்கா குனிந்து ஒரு முக்காலியைத் தூக்கி முதல் படியில் காலை வைத்தார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் படி ஏறுவதற்குள் தம்பி ஓடிவந்து முக்காலியைப் பிடுங்கிக்கொண்டான். பாசத்தால் அல்ல. கண்ணில் கட்டுப் போட்ட அக்காவைச் சுமை தூக்க வைத்தவன் என்று மூலைவீட்டு அம்மா நாளைக்கு ஊரெல்லாம் சொல்வாளே என்ற பயத்தால். எந்தக் காரணமாக இருந்தாலும் முக்காலி மேலே போனது.

பெரியக்கா ரசீதுப் புத்தகத்தை வரவழைத்தார். படியடியில் நாற்காலி போட்டு அமர்ந்து, பின்பக்கம் ஒரு வெற்றுத்தாளில் எழுதத் தொடங்கினார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொன்னார். "உட்காரும்மா. உன் சாமான் உனக்குத்தான் தெரியும். ஒண்ணொண்ணா சொல்லு."

அவள் உட்கார்ந்தாள். சொன்னாள். அலமாரி. அரிசி டின் இரண்டு. இஸ்திரிப் பெட்டி. மேஜை விளக்கு, கண்ணாடி உடைந்தது. "உடையாமத்தான் இருந்துச்சு." பெரியக்கா அப்படியே எழுதினார்: இறக்கும்போது உடைந்தது, விலை தம்பி பொறுப்பு.

அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தெரு வெகுநாள் பேசியது. அலமாரியைக் கடிகாரக்காரர் ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தார், மற்றதெல்லாம் தம்பியே. பதினேழு படி ஏறுவான், இறங்குவான், மூச்சு வாங்குவான். நாளைக்காரன் ஒரு துரும்பைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாதிப் படியில் நின்று, "அந்தப் பக்கம் சாய்க்காதீங்க சார், கீறிடும்" என்று மேற்பார்வை பார்த்தான். மெத்தைக்கு வந்தபோது மட்டும் தொழில்முறையில் யோசனை சொன்னான். "மடிக்கக்கூடாது சார். உள்ளே சுருள் கம்பி. முதுகுல படுக்கையா போட்டுக்கணும்."

"நீ வந்து பிடியேன்டா!" என்று அலறினான் தம்பி.

"எனக்கு முதுகு வலி சார். அதான் இந்த மெத்தையே வாங்கினேன்."

எதிர்வீட்டு ஜன்னல் வெடித்துச் சிரித்தது. நாளைக்காரனின் மனைவி சிரிக்கவில்லை. கணவனை ஏற இறங்கப் பார்த்தாள், காய்கறிக்கடையில் சொத்தையைத் திருப்பிப் பார்த்து வைப்பதுபோல். பட்டியலில் மெத்தை என்று எழுதப் போன பெரியக்காவைத் தடுத்தாள்.

"அதைத் தனியா எழுதுங்கம்மா. அது என்னுது இல்ல."

எல்லாம் ஏறியதும் பெரியக்கா தம்பியிடமிருந்து புதுச் சாவியை வாங்கி அவளிடம் கொடுத்தார், அவனிடம் அல்ல. வால்வைத் திறக்க வைத்தார். பிறகு கணவன் மனைவி இருவரையும் முன்னறைக்கு அழைத்து, நோட்டீஸ் நகலை எடுத்து, இருபது என்ற தேதியை அடித்து இருபத்திரண்டு என்று எழுதினார். ஓரத்தில், 'எங்கள் தரப்பில் தண்ணீரையும் கதவையும் அடைத்த இரண்டு நாள் சேர்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"அப்போ இன்னும் காலி பண்ணத்தான் சொல்றீங்களா?" நாளைக்காரன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "இவ்வளவு பண்ணிட்டு?"

"இவ்வளவும் அதுக்காகத்தான் பண்ணினேன். திருட்டுத்தனமா இறக்கினதை ஏத்தியாச்சு. இனிமே முறையா இறங்குங்க."

"மேடம், நாளைக்கு நான்..."

"அந்த வார்த்தையை இந்த அறையில இன்னொரு தடவை சொல்லாதீங்க."

மனைவி காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள். "ஒரு தடவை கொடுத்த வாடகையை மறுபடி நான் கொடுக்கமாட்டேன்மா."

"கேட்கமாட்டேன். உன்கிட்ட எனக்கு வரவேண்டியது ஒண்ணுமில்ல."

இருபதாம் தேதி அவள் மட்டும் வந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை பார்த்திருக்கிறாளாம். அந்த வீட்டுக்காரர் பழைய வீட்டிலிருந்து ஒரு கடிதம் கேட்கிறாராம். பாக்கி இல்லையென்று எழுதித் தர முடியுமா என்றாள். கேட்கும்போதே அவளுக்குக் கூசியது.

பெரியக்கா நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாக்கி இல்லை என்று எழுதினால் பொய். உண்டு என்று எழுதினால் இவளுக்கு அறை கிடைக்காது. கடைசியில் எழுதினார்: 'இவர் கணவர் பெயரில் ஐந்து மாத வாடகை நிலுவை உண்டு. அத்தொகையை இவர் மாதந்தோறும் தவறாமல் கொடுத்திருக்கிறார். அது என்னிடம் வந்து சேரவில்லை. இவரிடம் நேரடியாக வாடகை கேட்காதது எங்கள் தவறு. நீங்கள் நேரடியாக இவரிடம் கேளுங்கள், வரும்.' படித்துப் பார்த்தார். அப்பா இருந்திருந்தால் இப்படியொரு ஒப்புதல் வாக்குமூலத்தைக் கிழித்துப் போட்டிருப்பார். ஒற்றுத்தாளை அழுத்தி எடுத்து அவளிடம் கொடுத்தார்.

அறை கிடைத்தது. இருபத்திரண்டாம் தேதி பகல் பதினோரு மணிக்கு, பள்ளி வேனில் இரண்டு நடையாகச் சாமான் போயிற்று. அதே பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். மேஜை விளக்குக்குப் புதுக் கண்ணாடியைத் தம்பி வாங்கிக் கொடுத்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பட்டியலில் தனியாக எழுதிய ஒன்று மட்டும் மேலேயே இருந்தது. அதன்மேல் நாளைக்காரனும் இருந்தான். வேன் போவதை மாடியிலிருந்து பார்த்தபடி, "நாளைக்கு வந்துடுவா" என்று கடிகாரக்காரரிடம் சொன்னானாம்.

மறுநாளே பெரியக்கா வக்கீலிடம் போய் வழக்குப் போட்டார். ஓர் ஆள், ஒரு மெத்தை, அதற்கொரு வழக்கு. வக்கீல் சிரித்தார். தம்பி சிரித்தான். தெருவில் ஒருவர் பாக்கி விடாமல் சிரித்தார்கள். வாடகை தராதவனின் சாமானை முதுகில் சுமந்து மேலே ஏற்றி வைத்த வீடு என்று அந்த வீட்டுக்கு அடையாளமே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பெரியக்கா கேட்டுக்கொண்டார். அவர்கள் வாயில் நல்ல பெயர் வாங்குவதற்கு இதுவே மேல்.

வழக்கு எண் விழுந்த நான்காம் நாள், தபால் பெட்டியின் கொக்கியில் மாடிச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. சமைத்துப்போட ஆளில்லை, முப்பதாம் தேதி எண்ணிக் கொடுக்கக் கையில்லை. கோர்ட் துரத்துவதற்கு முன் பசி துரத்திவிட்டது. சாவிக் கொத்தில் பெட்டிச் சாவியும் இருந்தது. பெரியக்கா பெட்டியைத் திறந்தார். அவர் எழுதிய மூன்று கடிதங்களும் பிரிக்கப்படாமல், வரிசையாக, எழுத்து கலையாமல் கிடந்தன. எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் படிகளை ஏறும் உரிமை வந்திருந்தது. பின்னாலேயே தம்பியும் வந்தான்.

அறை காலி. நடுவில் மெத்தை.

"இதைக் குப்பை வண்டியில போட்டுடலாம்," என்றான் தம்பி.

"அடுத்தவன் பொருள். முப்பது நாள் பத்திரமா வச்சிருக்கணும். கேட்டு வந்தா ரசீது வாங்கிட்டுக் கொடுக்கணும்."

"எங்க வச்சிருக்கிறது? கீழே இடமே இல்லையே?"

"உன் அறையில இருக்கு. இறக்கு."

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். வாதாடிப் பயனில்லை என்பது இப்போது அவனுக்குத் தெரிந்திருந்தது. முனகிக்கொண்டே மெத்தையை நிமிர்த்தி முதுகில் சாய்த்துக்கொண்டு, முதல் படியில் காலை வைத்தான்.

"மடிக்காதே," என்றார் பெரியக்கா, மேலிருந்து. "உள்ளே சுருள் கம்பி."

அவன் இறங்கி முடிக்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு தன் மூன்று கடிதங்களையும் கிழித்தார். ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, அடுத்து வருகிறவருக்கான ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய வாசகத்தை எழுதினார்: 'வாடகை ஒரு மாதம் தவறினால் வீட்டுக்காரர் படியேறி வந்து, வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவர் முன்னிலையிலும் கேட்பார்.' அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, தேதியிட்டு இன்னொரு வரி:

'மெத்தை, ஒன்று. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.'